தனித்து நிற்கும் மாறுபாடும் துணையோடு வரும் மாறுபாடும்

கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று உள்பக்கமாக மடக்கினால், பெரும்பாலோருக்கு மணிக்கட்டின் நடுவில் தோலுக்கு அடியில் ஒரு தசைநாண் புடைத்து நிற்கும். பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் மெலிந்த தசையின் நாண் அது. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது, எனக்கு அப்படித்தான். சிலருக்கு இரண்டு கைகளிலும் இராது. ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு அது இல்லை என்று பாடநூல்கள் சொல்கின்றன; கிழக்கு ஆசிய மக்களிடம் இந்த விகிதம் வெகுவாகக் குறைந்தும், துருக்கி போன்ற இடங்களில் கூடியும் பதிவாகியிருக்கிறது. இல்லாதவருக்குப் பிடியின் வலிமையில் சொல்லும்படியான குறை எதுவும் வருவதில்லை.

இழந்தாலும் குறையில்லை என்பதாலேயே, வேறோர் இடத்தில் அறுந்துபோன நாணுக்குப் பதிலாக ஒட்டுவதற்கு அறுவை மருத்துவர்கள் முதலில் நாடுவது இதைத்தான். நாடும் இடத்தில் அது இல்லாமற்போனால்தான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு நேர் கீழே, மணிக்கட்டை நெருங்கும்போது தோலுக்கு மிக அருகில், வெண்ணிறமாக ஓடுவது மீடியன் நரம்பு. கட்டைவிரலின் நுட்பமான அசைவுகளும் முதல் மூன்று விரல்களின் தொடுவுணர்வும் அதைச் சார்ந்தவை. தசைநாண் என்று எண்ணி அந்த நரம்பையே வெட்டி எடுத்து ஒட்டிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. படுக்கையருகே சில நொடிகளில் செய்துவிடக்கூடிய அந்த மடக்கும் சோதனையை அறுவைக்கு முன் செய்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய பேரிழப்பு அது.

உடற்கூறியல் கற்பிப்பவர்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்த மாறுபாடு பரம்பரையாக வருவதா?" என்பது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அந்த விடையைக் கொண்டு நோயாளிக்கு அதிகம் செய்துவிட முடியாது. நான் அவர்களைக் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்த மாறுபாடு தான் இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறதா, அல்லது உடலின் வேறொரு மூலையில் அதற்குத் துணை இருக்கிறதா? பால்மாரிஸ் லாங்கஸ் இல்லாதவரை வேறு எதற்காகவும் பரிசோதிக்க வேண்டியதில்லை. ஆனால் பல்வரிசையில் ஏற்படும் ஒருவகைக் குறை, பெருங்குடலைப் பார்க்கச் சொல்லும் சான்றாக இருக்கக்கூடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மரபணுவியல் ஓரளவு தெளிவான விடை தருகிறது.

அதற்குமுன் பள்ளிப் பாடத்தின் பழைய எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். நாக்கைச் சுருட்டும் திறன் ஒற்றை மரபணுவால் தீர்மானிக்கப்படுவது என்று மரபணுவியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் 1940இல் முன்வைத்தார். 1952இலேயே, ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் நாக்கைச் சுருட்ட மற்றவரால் முடியாத இணைகள் இருப்பது காட்டப்பட்டது; ஸ்டர்டெவன்டும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டார். பாடநூல்கள்தாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒட்டிய காதுமடல், ஒட்டாத காதுமடல் என்பதும் அப்படித்தான்: 2017இல் வெளியான ஆய்வொன்று காதுமடலின் அமைப்போடு தொடர்புடைய 49 மரபணு இடங்களைக் கண்டறிந்தது. உயரத்துக்கு வந்தால், 54 இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு 12,111 டி.என்.ஏ. மாறுபாடுகளைக் கணக்கிட்டது. நம் உடலின் சாதாரண வேறுபாடுகளில் பெரும்பகுதி இத்தகைய எண்ணற்ற சிறு தாக்கங்களின் கூட்டுத்தொகையே. அவற்றில் எந்த ஒன்றையும் தனியே எடுத்து நோய்க்குறியாகப் படிக்க முடியாது.

ஒற்றை மாற்றம் கண்ணுக்குத் தெரியும் விளைவைத் தரும் இடங்கள் குறைவு. ஆனால் கருவளர்ச்சி எப்படி இயங்குகிறது என்பதை அவை திறந்து காட்டுகின்றன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது விரல்.

கையின் கட்டைவிரல் எந்தப் பக்கம், சுண்டுவிரல் எந்தப் பக்கம் என்பதைக் கருவில் முடிவு செய்வது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் மரபணு. கை மொட்டாகத் தோன்றும் நிலையில் அதன் பின்விளிம்பில், அதாவது பின்னர் சுண்டுவிரல் வரவிருக்கும் பக்கத்தில் மட்டுமே அது செயல்படுகிறது. அதே மரபணு மூளையின் முன்பகுதி இரண்டு அரைக்கோளங்களாகப் பிரிவதற்கும் வேண்டும், தண்டுவடத்துக்கும் வேண்டும். ஒரே மரபணு இத்தனை இடங்களில் வேலை செய்ய வேண்டுமென்றால், எந்த இடத்தில் எப்போது இயங்குவது என்று தனித்தனியே ஆணையிடும் கட்டுப்பாட்டுத் துண்டுகள் டி.என்.ஏ.வில் இருக்க வேண்டும். கைகால்களுக்கான துண்டு, அந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில் அமர்ந்திருக்கிறது. 2003இல் வெளியான கண்டுபிடிப்பு இது. அந்தத் துண்டு எண்ணூறு எழுத்துகள் அளவே நீளமுடையது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், கை மொட்டின் முன்விளிம்பிலும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் தவறுதலாகத் தலைகாட்டி, கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோ மூன்று எலும்புகள் கொண்ட கட்டைவிரலோ உருவாகலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இப்படிப்பட்டவரின் மூளை இயல்பாக இருக்கிறது என்பதே. மாற்றம் கைகாலுக்கான கட்டுப்பாட்டுத் துண்டில் நிகழ்ந்ததால் விளைவும் கைகாலோடு நின்றது. மாறாக, சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவே பழுதுபட்டால் முன்மூளை சரியாகப் பிரியாத கடுமையான பிறவிக் கோளாறு ஏற்படலாம் என்பது 1996இலிருந்து அறியப்பட்ட உண்மை. மரபணு ஒன்றுதான், மாற்றம் ஆணையிடும் பகுதியில் விழுந்ததா, புரதத்தை உருவாக்கும் பகுதியில் விழுந்ததா என்பதைப் பொறுத்து ஒன்று விரலோடு முடிகிறது, மற்றொன்று உயிரையே கேள்விக்குள்ளாக்குகிறது. உடல் மாறுபாடுகளில் சில தனித்தும் சில கூட்டமாகவும் வருவதற்கான காரணங்களில் முதன்மையானது இதுவே என்று நான் கருதுகிறேன்.

சுண்டுவிரல் பக்கம் முளைக்கும் கூடுதல் விரலுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். குடும்பத்தில் பலருக்கு அது இருந்து, குழந்தை மற்றபடி நலமாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே விரல், எல்லிஸ் வான் கிரெவெல்ட் நோய்த்தொகுப்பில் இதயக் குறையோடும் குட்டையான கைகால்களோடும் வரும். பார்டெட் பீடில் நோய்த்தொகுப்பில் விழித்திரைச் சிதைவோடும் சிறுநீரகக் கோளாறோடும் உடற்பருமனோடும் வரும். பின்னதில் பிறந்தவுடன் தெரிவது பெரும்பாலும் விரல் மட்டுமே. பார்வை மங்குவது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். கூடுதல் விரலை நூலால் கட்டி உதிரச் செய்துவிட்டு அத்தோடு மறந்துவிடும் பழக்கத்தை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். விரல் போகட்டும், அது இருந்தது என்ற குறிப்பாவது குழந்தையின் மருத்துவப் பதிவில் இருக்க வேண்டும்.

பல்லுக்கு வருவோம். ஞானப்பல் ஒன்றோ இரண்டோ முளைக்காமலே இருப்பது மிகப் பரவலான மாறுபாடு. அதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. நிரந்தரப் பற்கள் பலவும் உருவாகாமற்போவது வேறு. அத்தகைய குடும்பங்களை ஆராய்ந்ததில் 1996இல் எம்எஸ்எக்ஸ்1 மரபணுவும், 2000இல் பாக்ஸ்9 மரபணுவும் அடையாளம் காணப்பட்டன. 2004இல் பின்லாந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி வந்த கட்டுரைதான் பல் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான்கு தலைமுறைகள் கொண்ட அக்குடும்பத்தில் பதினொருவருக்குக் குறைந்தது எட்டு நிரந்தரப் பற்கள் உருவாகவே இல்லை. அவர்களில் எட்டுப் பேருக்குப் பெருங்குடலில் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலை மாற்றங்களோ இருந்தன. காரணம் ஆக்ஸின்2 என்னும் மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வு. பல்லின் கரு உருவாகும்போது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் அதே வழித்தடம், வாழ்நாள் முழுவதும் பெருங்குடலின் உட்சுவர் புதுப்பிக்கப்படுவதையும் கட்டுப்படுத்துகிறது. ஆக்ஸின்2 அந்த வழித்தடத்தின் கடிவாளங்களில் ஒன்று. பல் குறைந்த எல்லோருக்கும் இந்தப் பிறழ்வு இருக்காது, மிகச் சிலருக்கே இருக்கும். ஆயினும் பல பற்கள் இல்லாத ஒருவரிடம் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி கழுத்து. தைராய்டு அறுவையில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது குரல் நரம்புக்கு நேரும் சேதத்தை. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளையான அது, நேராகக் குரல்வளைக்குச் செல்லாமல் மார்புவரை இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் வலக்கைக்குச் செல்லும் தமனியையும் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. மேலேறும்போது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அறுவை மருத்துவர் அதைத் தேடுகிறார். நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவானவர்களுக்கோ வலப்பக்கத்து நரம்பு அங்கே இராது. கழுத்தின் பக்கவாட்டிலிருந்து குறுக்காக நேரே குரல்வளைக்குச் சென்றுவிடும். இரத்தக்குழாய் என்று கருதி அதைக் கட்டி வெட்டிவிட்டால் குரல் கரகரத்துப் பலவீனமாகிவிடும்.

இதை நரம்பின் மாறுபாடு என்று சொல்வது முழுமையான உண்மை அல்ல. கருவில் கழுத்துப் பகுதியில் இருபுறமும் இணையிணையாகத் தமனி வளைவுகள் தோன்றுகின்றன. வலப்பக்கத்து நான்காவது வளைவு நிலைத்திருந்து வலக்கைத் தமனியின் தொடக்கப் பகுதியாக மாறும். இதயம் மார்புக்குள் இறங்கும்போது நரம்பை அது தன்னோடு கீழே இழுத்துச் செல்லும். அந்த வளைவு மறைந்துவிட்டால், வலக்கைக்கான தமனி பெருந்தமனியின் பின்பகுதியிலிருந்து புறப்பட்டு, உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே ஓடிக் கையை அடையும். நரம்பைக் கீழே இழுக்க ஒன்றும் இல்லாததால் அது மேலேயே நின்றுவிடும். எனவே சி.டி. ஸ்கேனில் உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒரு தமனி ஓடுவதைக் கண்டால், ஸ்கேனில் தெரியாத நரம்பு எங்கே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். உடற்கூறியலில் இவ்வளவு துல்லியமாக ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முடிவது அரிது. ஒவ்வோர் ஆண்டும் இதைக் கற்பிக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டு.

நான்காவது வளைவு ஏன் மறைகிறது? எலிகளில் டிபிஎக்ஸ்1 மரபணுவின் இரண்டு படிகளில் (நகல்களில்) ஒன்றை நீக்கினால் சரியாக இந்த வளைவே பாதிக்கப்படுகிறது என்று 2001இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனிதரில் அந்த மரபணு 22ஆம் குரோமோசோமில் உள்ளது. அந்தக் குரோமோசோமில் ஏறத்தாழ முப்பது இலட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு அறுபட்டு விடுபடும்போது, டிபிஎக்ஸ்1 உட்படப் பல மரபணுக்களில் ஒரு படி குறைகிறது. பிறக்கும் குழந்தைகளில் சில ஆயிரத்தில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. தமனி வளைவுகள், இதயத்தின் வெளிவாய், அண்ணம், நோய் எதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ், இரத்தத்தின் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு ஆகிய அனைத்தும் கருவின் ஒரே வட்டாரத்தில் உருவாவதால், இதயக் குறையும் அண்ணக் குறையும் நோய் எதிர்ப்புக் குறைவும் இரத்தத்தில் கால்சியம் குறைவதும் ஒரே குழந்தையிடம் வெவ்வேறு கலவைகளில் காணப்படுகின்றன. இக்குழந்தைகள் சிலருக்கு மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, தொண்டையின் பின்சுவருக்கு மிக நெருக்கமாக, நடுப்பகுதியை நோக்கி விலகி ஓடும். மூக்கால் பேசும் குரலைச் சரிசெய்ய அந்தப் பின்சுவரிலிருந்துதான் சதை எடுக்கப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், அறுவைக்கு முன் அத்தமனி எங்கே ஓடுகிறது என்று அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும். உணவுக்குழாய்க்குப் பின்னால் ஓடும் தமனி மட்டும் தனியே தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒரு நடுவயதினருக்கோ, பெரும்பாலும் வேறெதுவும் இருக்காது.

தமனிகளைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் மரபணுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரத்தக்குழாய்கள் முதலில் வலைப்பின்னலாகத் தோன்றி, இரத்தம் மிகுதியாக ஓடும் பாதை தடித்தும் ஓட்டம் குறைந்த பாதை சுருங்கியும் இறுதி வடிவத்தை அடைகின்றன. கல்லீரலின் தமனிகளை 200 உடல்களில் ஆராய்ந்த நிக்கோலஸ் மிக்கெல்ஸ், பாடநூலில் வரைந்துள்ள அமைப்பு 55 சதவீதத்தினரிடமே இருப்பதாகக் கண்டு, மொத்தம் பத்து வகைகளைப் பட்டியலிட்டார். அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேர் பாடநூலுக்கு மாறானவர்கள். கல்லீரல் தானம் செய்பவருக்கு அறுவைக்கு முன்பே தமனிகளைப் படம்பிடிப்பது இதனால்தான்.

மரபணுவுக்கும் தற்செயலுக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டுவது உறுப்புகள் இடவலம் மாறி அமைவது. இதயம் வலப்பக்கமும் கல்லீரல் இடப்பக்கமும் அமைந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர். 1933இல் மானெஸ் கார்டகெனர் என்னும் மருத்துவர், இப்படிப்பட்ட நோயாளிகள் சிலருக்கு நாள்பட்ட சைனஸ் தொல்லையும் மூச்சுக்கிளைக் குழாய்களின் விரிவும் சேர்ந்து வருவதை விவரித்தார். இதயத்தின் இடத்துக்கும் சளிக்கும் என்ன தொடர்பு என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1976இல் பியோர்ன் அஃப்ஸீலியஸ், மூச்சுப்பாதையில் சளியைத் தள்ளும் நுண்ணிழைகளும் விந்தணுவின் வாலும் இவர்களிடம் அசைவதில்லை என்றும், அவற்றை அசைக்கும் டைனீன் புரதக் கைகள் அங்கே காணப்படவில்லை என்றும் காட்டினார். இதயத்தின் இடத்துக்கான விளக்கம் 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்களின் எலி ஆய்வுகளிலிருந்து கிடைத்தது: மிக இளங்கருவின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில் நுண்ணிழைகள் சுழன்று, அங்குள்ள திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன; இடப்பக்கம் எது என்பதைக் கரு அந்த ஓட்டத்திலிருந்துதான் அறிகிறது.

நுண்ணிழைகள் அசையாவிட்டால் ஓட்டமும் இல்லை. அப்போது உறுப்புகள் கட்டாயம் இடம் மாறிவிடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடப்பது அதுவன்று: நாணயத்தைச் சுண்டினாற்போல, ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாறியும் பாதிப் பேருக்கு இயல்பாகவும் அமைகின்றன. நுண்ணிழைகளை முடக்கும் ஒரே பிறழ்வைக் கொண்ட ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இதயம் இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் இருந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே பிறந்த நாளிலிருந்து விடாத சளியும் இருமலும் உள்ள குழந்தையின் எக்ஸ்ரேயில் இதயம் இடப்பக்கமே இருக்கிறது என்று சொல்லி, நுண்ணிழைகள் அசையாத இந்நோயை ஒதுக்கிவிடுவது தவறு. ஒதுக்கினால் நோயாளிகளில் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டே இருக்கும். பலர் அறுபது வயதுவரை அதை அறியாமலே வாழ்கிறார்கள். பின்னர் வால்வு தடித்துச் சுருங்கும்போதுதான் தெரியவரும். 2005இல் சில குடும்பங்களில் நாட்ச்1 மரபணுவின் பிறழ்வு இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஆனால் பெரும்பான்மையான நோயாளிகளிடம் அப்பிறழ்வு இல்லை. மரபணு தெரியாவிட்டாலும் பரம்பரைத் தொடர்பு உறுதியானது: இத்தகையவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும் இரண்டிதழ் வால்வு இருக்கிறது. வால்வுக்கு மேலுள்ள பெருந்தமனி விரிவடையும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். இங்கே மரபணுப் பரிசோதனையைவிட, வலியில்லாத எக்கோ பரிசோதனையே குடும்பத்தினருக்கு நேரடியாகப் பயன்படும். தொகுப்பாக மரபணுக்களைப் படித்துத் தரும் அறிக்கைகள், பொருள் இன்னதென்று தீர்மானிக்க முடியாத மாறுபாடுகளையும் சேர்த்தே தருவதால், உடலில் எதைத் தேடுகிறோம் என்று தெளிவில்லாமல் அவற்றைக் கேட்டுப் பெறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக முதுகெலும்பு. எந்த முள்ளெலும்பு விலாவைத் தாங்க வேண்டும், எது இடுப்புக்கூட்டோடு இணைய வேண்டும் என்பதை ஹாக்ஸ் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. எலிகளில் பத்தாம் தொகுதி ஹாக்ஸ் மரபணுக்களை முழுவதும் நீக்கினால், இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளிலும் விலா எலும்புகள் முளைக்கின்றன. பதினொன்றாம் தொகுதியை நீக்கினால் கூபக முள்ளெலும்புகள் (அதற்குக் கீழே இடுப்புக்கூட்டோடு இணைபவை) இடுப்பு முள்ளெலும்புகளின் வடிவத்தைப் பெறுகின்றன. மனிதரிடம் இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. ஆனால் எல்லைக்கோடு ஓர் எலும்பு மேலோ கீழோ நகர்வது அரிதன்று. கழுத்தில் ஏழாவது முள்ளெலும்பில் சிறு விலா முளைத்துக் கைக்குச் செல்லும் நரம்புகளையும் தமனியையும் அழுத்துவது அவ்வகை. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு கூபகத்தோடு ஒட்டிக்கொள்வதும், முதல் கூபக முள்ளெலும்பு பிரிந்து ஆறாவதாக நிற்பதும் அவ்வகையே. பிந்தைய இரண்டிலும் வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆபத்து எண்ணுவதில் இருக்கிறது. இடுப்புப் பகுதியை மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கீழிருந்து எண்ணிய ஒருவருக்கு நான்காவதாகத் தெரியும் வட்டு, மேலிருந்து எண்ணுபவருக்கு ஐந்தாவதாகிவிடும். அறுவை தவறான மட்டத்தில் நடந்துவிடும். ஆகவே இப்படி எல்லை நகர்ந்த முதுகெலும்புக்கு அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவர், எந்த முள்ளெலும்பிலிருந்து எண்ணத் தொடங்கினார் என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவைக்க வேண்டும். அறுவை அறையில் எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் மருத்துவரும் அதே எலும்பிலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும்.